பள்ளத்தின் முன்னே நின்ற குதிரை

நாற்பதைக் கடந்த பிறகு குதிரையேற்றம் கற்கப் போனவர்கள் நாங்கள். கணவன், மனைவி இருவரும். எங்களில் ஒருவர் பெங்களூரில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துபவர், மற்றவர் வங்கிப் பணியாளர். மடலேறத் துணிந்த தலைவனைப் பற்றி வகுப்பில் பல ஆண்டுகள் விரிவுரை ஆற்றியதைத் தவிர, எங்கள் குடும்பத்துக்கும் குதிரைக்கும் யாதொரு தொடர்பும் இருந்ததில்லை. மடல்மா கடிக்காது, உதைக்காது. முக்கியமாக, பள்ளத்தைக் கண்டால் நிற்காது.

எங்கள் குதிரை நின்றது. 2022-ஆம் ஆண்டு மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மூன்றடி அகலம்கூட இல்லாத ஒரு பள்ளத்தின் விளிம்பில் முன்னங்கால்கள் இரண்டையும் ஊன்றிக்கொண்டு அது நின்றது. மேலே இருந்தவர் நிற்கவில்லை. பள்ளத்துக்கு அப்பால் போய் விழுந்தார். காரை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தொட்டில்போல் கட்டிக்கொண்டு திரிய வேண்டியதாயிற்று. விழுந்தது யார் என்பதை இங்கே எழுதக்கூடாது என்பது வீட்டுத் தீர்ப்பு. அதற்கு முந்தைய நாள் மற்றவர் ஏறியபோதும் குதிரை அதே இடத்தில் நின்றது என்பதை மட்டும் எழுத அனுமதி உண்டு.

கிராஸ் கன்ட்ரி என்னும் இந்தக் கலையைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுவது நல்லது. ஈவன்டிங் என்ற குதிரையேற்றப் போட்டி மூன்று பகுதிகளால் ஆனது. முதலாவது டிரஸ்ஸாஜ்; குதிரையின் நடைகளில் ஒழுங்கையும் பணிவையும் காட்டுவது. மற்றொன்று ஷோ ஜம்பிங். தட்டினால் விழுந்துவிடும் கம்புகளைத் தாண்டுவது. இவற்றுக்கிடையே பெரும்பாலும் இரண்டாவதாக வருவது கிராஸ் கன்ட்ரி. திறந்த வெளியில், மேட்டிலும் சரிவிலும், மரநிழலிலும் நீரிலும் ஓடி, தட்டினாலும் விழாத தடைகளைத் தாண்ட வேண்டும். மரக்கட்டை, பள்ளம், கரைமேடு, குளம் என்று அவை அமைந்திருக்கும். உச்சநிலைப் போட்டிகளில் நிமிடத்துக்கு 570 மீட்டர் வேகம் எதிர்பார்க்கப்படுகிறது. ஒரு தடையில் குதிரை முதன்முறை மறுத்தால் 20 தண்டப்புள்ளிகள், அதே தடையில் மறுபடியும் மறுத்தால் 40. ஆள் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. படைக்குதிரைகளையும் அதிகாரிகளையும் சோதிக்கப் பிறந்த இப்போட்டி, 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அதில் ஒரு பெண் கலந்துகொள்ள 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் நாட்டின் ரகுபீர் சிங் 1982-இல் தில்லி ஆசியப் போட்டியில் தங்கம் வென்றது இதில்தான். பெங்களூரைச் சேர்ந்த ஃபுவாத் மிர்ஸா 2018-இல் ஜகார்த்தாவில் வெள்ளி வென்றதும், 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இருபத்து மூன்றாம் இடம் பெற்றதும் இதில்தான்.

இந்தப் போட்டியின் விதிகளுள் எங்களை மிகவும் யோசிக்க வைத்தது ஒன்றுண்டு. ஏறுபவர் முன்னதாகவே பாதை முழுவதையும் காலால் நடந்து பார்த்துக்கொள்ளலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் நடக்கலாம். குதிரைக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒவ்வொரு தடையையும் அது முதன்முதலாகக் காண்பது, அதை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். தடைக்கு அப்பால் தரை இருக்கிறதா என்பது மேலே இருப்பவருக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. எனவே அது தாண்டுவது தடையை நம்பி அன்று. முதுகில் இருப்பவரை நம்பி.

எங்கள் குதிரையின் பெயர் மல்லி. பந்தயத்தில் ஓடிய காலத்தில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்ததாம். ஓட்டம் குறைந்ததும் நகருக்கு வெளியே இருந்த அந்தப் பயிற்சிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. சைஸ், அதாவது லாயத்தில் குதிரையைப் பேணுபவர், வைத்த பெயர்தான் மல்லி. எங்கள் இருவரின் சம்பளத்துக்கு ஆளுக்கொரு குதிரை கட்டாது என்பதால், அந்த ஒன்றையே பகிர்ந்துகொண்டோம். சனிக்கிழமை ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மற்றவர். முதல் சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே போயிற்று. ஓரடி, இரண்டடி உயர மரக்கட்டைகளை மல்லி தாண்டியது, நாங்களும் தாண்டினோம். நாங்களே தாண்டிவிட்டதாகவும் நினைத்துக்கொண்டோம்.

பள்ளத்துக்குப் பிறகு நிலைமை மாறிற்று. முன்பு தயக்கமின்றித் தாண்டிய கட்டைகளின் முன்னும் மல்லி நிற்கத் தொடங்கியது. நிற்பது குதிரைக்குப் பழக்கமாகிவிட்டால் அதை மாணவர்களுக்குத் தர முடியாது, அனுப்பிவிடலாம் என்ற பேச்சு பள்ளி நிர்வாகத்தில் எழுந்தது. அனுப்புவது என்றால் எங்கே என்று நாங்கள் கேட்டோம். கல்யாண ஊர்வலத்துக்குப் போகலாம், வண்டிக்குப் போகலாம் என்றார்கள். அன்று வீடு திரும்பும் வழியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஓர் உயிரின் எஞ்சிய வாழ்நாள், வார இறுதியில் பொழுதுபோக்கப் போன இரண்டு பேரின் திறமையின்மையால் தீர்மானிக்கப்படப் போகிறது என்ற எண்ணம் அவ்வளவு எளிதில் செரிக்கவில்லை.

எங்களுக்குப் பயிற்சி அளித்தவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். எலும்பு கூடிய பிறகு, ஒரே நாளில் இருவரையும் அடுத்தடுத்து ஏறச் சொல்லி, சிறு மரக்கட்டை ஒன்றைத் தாண்டச் செய்து, அதைக் கைப்பேசியில் படம் எடுத்தார். மரத்தடியில் உட்கார வைத்து இரண்டையும் போட்டுக் காட்டினார்.

எங்களில் ஒருவர், தடைக்கு மூன்று எட்டு இருக்கும்போது கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தார். மற்றவர் அதே இடத்தில் வாரைத் தொளதொளவென்று விட்டுவிட்டு, குதிகாலால் இரண்டு உதை விட்டு, உடலை முன்னே எறிந்தார். ஒருவர் தடையையே பார்த்தார். மற்றவர் கண்ணை மூடிக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும்.

"குதிரை ஒண்ணுதான் சார். சனிக்கிழமை ஒரு பாஷை பேசுறீங்க, ஞாயித்துக்கிழமை ஒரு பாஷை பேசுறீங்க. அது எதைன்னு கேக்கும்?" என்றார் பெரியவர்.

பிறகு அவர் விளக்கியவற்றை நாங்கள் நூல்களிலும் தேடிப் படித்துத் தெளிந்தோம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. ஏறக்குறைய சுற்றிலும் உள்ளதை அது காணும். ஆனால் நெற்றிக்கு நேர்முன்னே சிறு பகுதி அதற்குத் தெரியாது. தாண்ட எழும் கணத்தில் தடை அந்தத் தெரியாத பகுதிக்குள் போய்விடுகிறது. வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் நுழையும்போது நம் கண்ணைவிட அதன் கண்ணுக்குப் பழக அதிக நேரம் வேண்டும். கழுத்தை நீட்டியும் சுருக்கியுமே அது உடலைச் சமன் செய்துகொள்கிறது. ஆகவே வாரை இறுக்கியவர், குதிரை பார்க்க வேண்டிய நேரத்தில் அதன் தலையைப் பூட்டினார். உடலை முன்னே எறிந்தவர், எழ வேண்டிய முன்னங்கால்களின் மேல் தம் பாரத்தை ஏற்றினார். பள்ளத்தில் மல்லி நின்றது முரட்டுத்தனத்தால் அன்று என்பது அந்த மரத்தடியில் எங்களுக்கு விளங்கியது. தெளிவில்லாத ஒன்றைக் கேட்டவர்களுக்கு அது மிகத் தெளிவாக விடை சொல்லியிருந்தது.

இதை இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெதெரிகோ கப்ரில்லி நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்து சொன்னார். அவர் காலம்வரை தடை தாண்டும்போது பின்னே சாய்ந்து வாரைப் பிடித்திழுப்பதே முறையாக இருந்தது. ஆளில்லாமல் குதிரை எப்படித் தாண்டுகிறது என்று பார்த்து, அந்த இயல்புக்கு மனிதன் இணங்கிப் போக வேண்டும் என்றார் அவர். 1907-இல் குதிரையிலிருந்து விழுந்தே அவர் இறந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். குதிரையை அறிவதற்கும் ஆபத்தை வெல்வதற்கும் இடையே எப்போதும் தூரம் இருக்கிறது.

மறுவாரம் முதல் புதிதாகத் தொடங்கினோம். தரையில் ஒரு கம்பு, அவ்வளவுதான். ஓட்டம் மாறாமல் அதன்மேல் போக வேண்டும். ஓட்டம் மாறுகிறதா என்று அறிய, வாய்விட்டு எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மறுபடியும் ஒன்று. எண்ணுபவன் மூச்சை அடக்க முடியாது. மூச்சு அடங்காதவரை உடல் விறைக்காது. அச்சத்தை அடக்கச் சொன்ன எல்லா அறிவுரைகளையும்விட இந்த எண்ணிக்கை எங்களுக்கு உதவியது. கண்ணுக்கும் ஒரு வேலை கொடுத்தார் பெரியவர். தடைக்கு அப்பால் தொலைவில் இருந்த ஒரு நீலகிரி மரத்தைப் பார்க்க வேண்டும். தடையைப் பார்க்கவே கூடாது. கழுத்தைச் சுற்றி ஒரு தோல்வார் கட்டினார். தடுமாறினால் கடிவாளத்தை விட்டு அதைப் பிடித்துக்கொள்ளலாம், குதிரையின் வாய் தப்பும்.

இருவருக்கும் பொதுவாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். சனிக்கிழமை ஏறியவர் தாம் செய்ததை எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை ஏறுபவர் அதையே செய்ய வேண்டும். புதிய தடை வைத்தால் உயரத்தைக் கூட்டக் கூடாது. உயரத்தைக் கூட்டினால் இடத்தை மாற்றக் கூடாது. தொடர்ந்து மூன்று நாட்கள் மல்லி அமைதியாகத் தாண்டினால்தான் அடுத்தது. ஒவ்வொரு நாளும் அதற்கு நன்கு தெரிந்த ஒன்றைத் தாண்டி முடிக்க வேண்டும். கோபம் வந்தால் இறங்கிவிட வேண்டும். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்கரான செனபோன் குதிரைப் பயிற்சி நூலில் வற்புறுத்திய செய்திதான் இது. கோபத்தோடு குதிரையை அணுகாதே என்கிறார் அவர். அந்த விதியை நாங்கள் இருவரும் தலா ஒருமுறை மீறினோம். நோட்டில் அதுவும் இருக்கிறது.

ஒரு நாள் இரவு, அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டே மனைவி சொன்னாள்: "என்னங்க, குதிரைக்குச் சொல்றதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்றோம். பிள்ளைங்க விஷயத்துல ஒரு நாளாவது இப்படிப் பண்ணியிருக்கோமா?" எங்களிடம் பதில் இல்லை. அப்பாவிடம் கேட்டால் ஒன்று, அம்மாவிடம் கேட்டால் வேறொன்று என்றே வளர்ந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போயாகிவிட்டது.

அந்தப் பருவத்தில் முதுகலை வகுப்பில் புறநானூறு நடந்துகொண்டிருந்தது. 299-ஆம் பாடல், பொன்முடியார் பாடியது, குதிரை மறம் என்னும் துறை. உழுந்தின் சக்கையைத் தின்று மெலிந்த சிற்றூர் மன்னனின் குதிரை, கடலைப் பிளக்கும் தோணிபோலப் பகைப்படையைப் பிளந்து செல்கிறது. நெய்யூட்டிய உணவுண்டு, பிடரிமயிர் நறுக்கி, மாலை சூட்டிய பெருவேந்தர்களின் குதிரைகளோ முன்னேறாமல் நின்றுவிடுகின்றன. இருபது ஆண்டுகளாக இதைச் சிறுகுடி வீரத்தின் புகழ்ச்சியாகவே நடத்தி வந்தாயிற்று. இம்முறை நின்றுபோன குதிரைகள்மீது கண் தங்கியது. அவற்றின்மேல் யார் இருந்தார்கள்? நாளுக்கொருவர் ஏறினார்களா? சிற்றூர் மன்னனிடம் அந்த ஒரு குதிரைதான் இருந்திருக்கும். அவனே தண்ணீர் காட்டி, அவனே சக்கையிட்டு, நாள்தோறும் அவனே ஏறியிருப்பான். உரையாசிரியர்கள் சொல்லாத பொருள் இது. தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்று மாணவர்களிடம் எச்சரித்துவிட்டே சொல்ல நேர்ந்தது.

ஏழாம் மாதத்தில் பள்ளத்துக்குத் திரும்பினோம். முதலில் அதன் தொடக்கத்தில், ஒரு சாண் அகலமே உள்ள இடத்தில், நடையில் கடக்கச் செய்தார் பெரியவர். லாயத்தின் முதிய குதிரை ஒன்று முன்னே போயிற்று. மல்லி அதைத் தொடர்ந்தது. மறுவாரம் சற்றே அகன்ற இடம். அதற்கடுத்த வாரம் முதிய குதிரை இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, எட்டுகளை எண்ணிக்கொண்டு, நீலகிரி மரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, மல்லி காதை முன்னே நிமிர்த்தியது. ஒரு கணம் ஓட்டம் குறுகியது. கால் அதைப் பொதிந்து பிடித்திருந்தது, கை வழிவிட்டிருந்தது. அப்புறம் பள்ளம் பின்னால் இருந்தது.

பெரியவர் கைதட்டவில்லை. "நாளைக்கு மேடம் இதே மாதிரி வரட்டும்" என்றார். மறுநாள் இதே மாதிரி வந்தது. உண்மையில் எங்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே பெரிது. ஒருமுறை தாண்டுவதற்குத் துணிச்சலும் அதிர்ஷ்டமும் போதும். மறுநாள் வேறொருவர் ஏறி அதே வேண்டுகோளை அதே விதமாகக் கேட்க, அதே பதில் கிடைப்பதற்குத்தான் ஏழு மாதங்கள் ஆயின.

மல்லி அந்தப் பள்ளியிலேயே இருக்கிறது. இப்போது சிறு பிள்ளைகள் அதன்மேல் ஏறிக் கட்டைகளைத் தாண்டுகிறார்கள். நாங்கள் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளவில்லை. கலந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. பள்ளத்தை நோக்கிக் குதிரையைத் திருப்பும்போது வயிற்றுக்குள் ஏதோ புரள்வது இன்றும் நிற்கவில்லை. அப்போது எண்ணத் தொடங்குகிறோம். நோட்டுப் புத்தகத்தின் மூன்றாம் தொகுதி ஓடிக்கொண்டிருக்கிறது.