துவாலு - குட்டி நாடு, பெரிய கேள்வி

பசிபிக் கடலில் துவாலு என்று ஒரு நாடு. மொத்த நிலமே 26 சதுர கிலோமீட்டர்தான்! மக்கள் பத்தாயிரத்துச் சொச்சம். தீவுகள் ஒன்பது; ஆனால் பெயருக்கு அர்த்தம் 'எட்டும் சேர்ந்து நிற்பது'. அந்தக் காலத்தில் ஆட்கள் குடியிருந்தது எட்டில்தானாம்.

தலைநகர் ஃபுனாஃபுட்டியில் விமானம் வராத மாலைகளில் ஓடுபாதைதான் விளையாட்டு மைதானம். நம்ம பசங்க ரோட்டில் கிரிக்கெட் ஆடுகிற மாதிரி!

குழி வெட்டி, அடியில் ஊறும் நல்ல தண்ணீரில் புலாகா என்ற கிழங்கு வளர்க்கிறார்கள். நம் சேப்பங்கிழங்குக்குச் சொந்தம். இப்போது உப்புநீர் புகுந்து பல குழிகள் வீணாகிவிட்டன.

2023-ல் ஆஸ்திரேலியாவுடன் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. வருடத்துக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்கு நாட்டில் பாதிக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. மரப்பெட்டியைத் தட்டித் தட்டி வேகம் ஏற்றும் ஃபாடேலே ஆட்டத்தைக் கூடவே கொண்டு போகலாம். புலாகா குழியை எப்படிக் கொண்டு போவது?

ஹாஸ்டலுக்கு வந்த எனக்கு, ஊர் அங்கேயே இருக்கும் என்ற தைரியம் இருக்கிறது. அவர்களுக்கு? நீங்களே சொல்லுங்கள் நண்பர்களே.