தைக் கல்யாணமும் தறிக்காரன் கணக்கும்

பேரப்பிள்ளைங்களா, கல்யாணத்தைப் பனிக்காலத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். போட்டோ நன்றாக வரும், கோட்டுப் போட்டாலும் வேர்க்காது என்கிறீர்கள். தப்பில்லை. வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிய ஊர்கள் என்று செய்தியில் வேலூரைச் சொன்னால், கூடவே திருத்தணியும் வரும். அந்த வெக்கையில் பட்டுப்புடவையோடு ஓமப்புகைக்கு எதிரே உட்காரும் பெண்ணைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். ஆனால் நம் அம்மையார்குப்பத்தில் பெரியவர்கள் தை, மாசியைப் பிடித்துக்கொண்டது வேர்வைக்குப் பயந்து இல்லை, கூலியை நினைத்து.

ஐப்பசி, கார்த்திகையில் தறிக்காரன் வீட்டைப் பார்த்திருக்கணும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டால் அது காய வெயில் வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் பாவு காயாது. குழித்தறியாக இருந்தால் குழியிலேயே ஈரம் ஊறும். நெய்யாத நாளுக்குக் கூலி ஏது? அந்தச் சமயத்தில் கல்யாணம் வைத்தால் பந்தக்கால் நடுவதில் தொடங்கி எல்லாம் வட்டிப் பணம்தான். போதாததற்கு ஆற்று வெள்ளம். ஆந்திராவில் அம்மப்பள்ளி அணையைத் திறந்தால் இங்கே பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலையாற்றுத் தரைப்பாலங்கள் முழுகும். 2021 நவம்பரில்கூட முழுகின. முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை அக்கரையில் நின்றால் யார் என்ன செய்ய முடியும்?

தை பிறந்தால் வானம் வெளுத்துவிடும். பாவு காயும், தறி ஓடும். சுற்றுவட்டத்தில் நெல் அறுப்பு, திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டு. கல்யாண வீட்டுக்காரன் கையில் மட்டுமல்ல, மொய் எழுத வருகிறவன் கையிலும் நாலு காசு இருக்கும். இதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் தெரியும். அவரை, மொச்சை, கத்தரி, பரங்கி எல்லாம் மலிவு. ராத்திரி மிஞ்சிய சாம்பார் காலைக்குள் ஊசிப்போகாது. வந்த சொந்தமும் சாப்பிட்ட கையோடு பஸ்ஸுக்கு ஓடாமல், இரண்டு நாள் தங்கிப் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுப் போகும்.

நாம் எல்லையில் இருக்கிறவர்கள் என்பதால் இன்னொன்றையும் கவனிக்கணும். 1960 ஏப்ரல் 1-ல்தான் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். பெண் கொடுத்து எடுப்பது இன்றைக்கும் நகரி, புத்தூர் வரைக்கும் நடக்கிறது. மார்கழியில் இரண்டு பக்கமும் கல்யாணம் கிடையாது. ஆனால் பொங்கல் முடிந்ததும் நம் ஆட்கள் பத்திரிகை அடிக்கக் கிளம்பும்போது தெலுங்குக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு மாதக் கணக்கு சந்திரனை வைத்து. புஷ்ய மாதம் சூன்ய மாதம். தை அமாவாசை கழிந்து மாகம் பிறக்கணும். 2025-ல் அந்த அமாவாசை ஜனவரி 29-ல் வந்தது. தையில் பாதி போய்விட்டது. இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துவராத வீடுகளில் மாசிக்குத் தள்ளிவிடுவார்கள். மாசிக் கயிறு பாசி படியும் என்று சொல்லியும் வைத்திருக்கிறார்களே. திருத்தணி மலையில் மாசிப் பெருவிழாவில் வள்ளிக்கும், சித்திரைப் பெருவிழாவில் தெய்வானைக்கும் திருக்கல்யாணம். சாமிக்குப் பனியில் ஒன்று, வெயிலில் ஒன்று. நமக்கு ஒன்றுதான், பார்த்து வைக்கணும்.

பனிக்காலத்தில் தொல்லையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பனியில் மல்லி மொட்டு வைப்பது குறையும். தை முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். சாமந்தியும் கனகாம்பரமும் போதும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் மனசைத் தேற்றிக்கொள்ளணும். விடியற்காலை முகூர்த்தம் என்றால் வயசானவர்களுக்கு வெந்நீர் போட ஒரு ஆளைத் தனியாக நிறுத்துங்கள். எல்லாரும் அதே நாளைத்தான் குறிப்பார்கள் என்பது அதைவிடப் பெரிய தொல்லை. பெரிய முகூர்த்தத்தன்று நல்ல சமையல்காரர் நாலு மண்டபத்துக்கு ஒத்துக்கொண்டிருப்பார். உங்கள் பந்திக்கு வருவது அவருடைய மூன்றாவது கையாள். கொஞ்சம் சுமாரான முகூர்த்தமாக, வாரநாளில் வைத்தால் வாடகையும் குறையும், சாப்பாடும் நன்றாக இருக்கும்.

நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லை என்றால் மார்கழியிலேயே வையுங்கள். மண்டபம் காலியாகத்தான் கிடக்கும். ஐயரும் ஓமமும் இல்லாமல், உறவும் நட்பும் பார்க்க மாலை மாற்றிக்கொண்டால் செல்லும் என்று 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டசபையில் சட்டம் நிறைவேற்றியாயிற்று. ஆயா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். பிறகு முதல் பந்தியில் இலை போட்டு உட்காருவாள்.

எந்த மாதமானாலும் சரி, சம்பந்தி வீடு நகரிப் பக்கமாக இருந்தால் அவர்கள் புரோகிதரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டுங்கள். தேதி மாறினால் அந்தப் பணத்தை ஒருத்தரும் திருப்பித் தர மாட்டார்கள்.