செஞ்சியின் குதிரை லாயம்

திண்டிவனம் என்றால் புளியங்காடு என்று அர்த்தம். 'திந்திரிணி வனம்' என்பதே மருவித் திண்டிவனமாயிற்று என்பார்கள். இந்த ஊரில் ரயிலை விட்டு இறங்கி, திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் மேற்கே சுமார் 28 கிலோமீட்டர் சென்றால் செஞ்சிக் கோட்டை வந்துவிடும். அங்கே போகிறவர்கள் எல்லோரும் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்க்கிறார்கள். கல்யாண மகாலின் அடுக்குகளைப் படம் பிடித்துக் கொள்கிறார்கள். 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் மராட்டியர் கோட்டைகள் 12-ஐ ஒன்றாகச் சேர்த்து யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றே. அதற்குப் பிறகு கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா?

ஆனால் கல்யாண மகாலுக்கு அருகிலேயே வளைவு வைத்த அறைகள் வரிசையாக நிற்கின்றனவே, அவற்றின் முன்னால் நின்று பார்ப்பவர்கள் வெகு சிலர். போர் வீரர்கள் தங்கிய இடம் என்று சிலரும், குதிரை லாயம் என்று சிலரும் சொல்வார்கள். லாயம் என்றே வைத்துக்கொள்வோம். கோட்டை என்று ஒன்று இருந்தால் குதிரைப்படை இருந்தே தீர வேண்டும்; குதிரை இருந்தால் அதற்கு நிழலும் தண்ணீரும் வேண்டும். கனத்த சுவரும் உயர்ந்த வளைவும் கொண்ட கட்டிடம் அக்கினி நட்சத்திரத்திலும் உள்ளே கொஞ்சம் குளிர்ச்சி காக்கும். அதைக் கட்டியவனுக்கு இந்த நாட்டு வெயில் குதிரையை என்ன செய்யும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அது தெரியாமல் நம் நாடு இழந்த செல்வத்துக்குக் கணக்கே இல்லை.

தமிழ்நாட்டில் குதிரை என்றைக்குமே அரிய பொருள்தான். திண்டிவனத்துக்குள்ளேயே கிடங்கல் என்று ஒரு பகுதி இருக்கிறது. சங்க காலத்தில் ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனுக்கு உரிய ஊர் அது. அவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட சிறுபாணாற்றுப்படை, வள்ளல்கள் எழுவரை வரிசைப்படுத்தும்போது, காரி என்பவனைக் குதிரை கொடுத்தவனாக நினைவு கூர்கிறது. அந்த மலையமான் காரியின் திருக்கோவலூர் விழுப்புரத்துக்கு மேற்கே இருக்கிறது. பொன்னையும் யானையையும் கொடுத்தவர்களுக்குச் சமமாகக் குதிரை கொடுத்தவனும் வள்ளலாக எண்ணப்பட்டான் என்றால், அதன் மதிப்பை ஊகித்துக் கொள்ளலாம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல் வழியாக வந்து இறங்கிய பொருள்களில் குதிரையை முதலில் வைத்துச் சொல்கிறது பட்டினப்பாலை. பாண்டியன் கொடுத்த கருவூலப் பொன்னோடு குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் கதையும், நரி பரியான திருவிளையாடலும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்தவை. அந்தக் கதையில் நாம் பக்தியைப் பார்க்கிறோம். அதோடு, குதிரை வாங்குவதற்கென்றே ஒரு ராஜ்யத்தின் பொக்கிஷம் திறக்கப்பட்டதையும் பார்க்க வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஹோர்மூஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து வியாபாரிகள் கப்பல் கப்பலாகக் குதிரைகளைக் கொண்டுவந்து விற்றார்கள். அரசர் சகோதரர் ஐவர். ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 2,000 குதிரை வாங்கினார்கள். வருஷக் கடைசியில் 100 கூட மிஞ்சுவதில்லையாம்! வியாபாரிகள் வாய்க்கணக்கு என்று பாதியைத் தள்ளிவிட்டாலும் வயிறு எரிகிறது. இங்குள்ளவர்களுக்குக் குதிரையைப் பேணத் தெரியவில்லை, மாமிசத்தைச் சோற்றோடு வேகவைத்துப் போடுகிறார்கள், லாடம் அடித்து வைத்தியம் பார்க்கிறவர் ஒருவரும் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். அதற்கு மேல் ஒன்று சொல்கிறார். குதிரை வைத்தியர் எவரையும் வியாபாரிகள் இங்கே அழைத்து வருவதும் இல்லை. தாமாக வருகிறவர்களை வரவிடுவதும் இல்லை. வந்தால் குதிரைகள் பிழைத்துக்கொள்ளும். பிழைத்துக்கொண்டால் அடுத்த வருஷ விற்பனை என்ன ஆவது? சரக்கை விற்று அதைக் காக்கும் வித்தையை மட்டும் மறைத்து வைக்கும் இந்தத் தந்திரத்தை, பின்னால் வேறு பல சரக்குகளிலும் நம் தேசம் கண்டிருக்கிறது.

நமக்கு ஒன்றுமே தெரியாது என்று போலோ சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. சாலிஹோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் அசுவ சாஸ்திரங்கள் இந்நாட்டில் இருந்தன. நகுலன் பெயரில் வழங்கும் சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1952-இல் பதிப்பித்திருக்கிறது. ஆனால் சாஸ்திரம் அரண்மனைப் பெட்டியில் இருந்தது. குதிரை லாயத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டிய குதிரைக்காரனுக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை போலும்.

போலோ சொன்ன சங்கதியை இன்றைய கால்நடை வைத்தியர்களின் அறிவைக்கொண்டு பார்த்தால் பல விஷயங்கள் விளங்குகின்றன. குதிரையின் இரைப்பை அதன் உடலுக்குச் சிறியது. நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்காக ஏற்பட்ட வயிறு அது. மேலும், குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உண்டது ஒவ்வாவிட்டால் வெளியே தள்ள வழியில்லை. வயிறு உப்பி, வலி தாங்காமல் தரையில் புரண்டு, சில மணி நேரத்தில் உயிரையே விட்டுவிடும். சோற்றையும் மாமிசத்தையும் உருட்டி உருட்டிக் கொடுத்தால் என்ன ஆகும்? 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று மனிதருக்குச் சொல்லிக்கொண்டு, குதிரைக்குக் கொள்ளே உணவென்று பலர் நினைத்துவிடுகிறார்கள். புல்லே முதல் உணவு. கொள்ளு அதற்குத் துணை. அதையும் ஊறவைத்தோ வேகவைத்தோ அளவாகத்தான் வைக்க வேண்டும். தீனியைத் திடீரென்று மாற்றுவதைப் போன்ற விபரீதம் வேறில்லை.

இரண்டாவது, வெயில். குதிரை நம்மைப் போல வியர்த்துத்தான் உடம்பின் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. குளிர்ந்த தேசத்திலிருந்து வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாட்டுக்கு வரும் குதிரைகளில் சிலவற்றுக்கு வியர்ப்பதே நின்றுபோய்விடும். ரோமம் வறண்டு, மூச்சு இரைத்து, உடம்பு அனலாய்க் கொதிக்கும். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவந்த பந்தயக் குதிரைகளில் இந்த நோயை ஆங்கில வைத்தியர்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விவரித்தார்கள். பாண்டியர்களின் அரபுக் குதிரைகளிலும் எத்தனை இப்படி வெந்து மடிந்தனவோ! கோடையில் விடியற்காலையிலும் மாலையிலும் மட்டும் வேலை வாங்குவது, உப்பு வைப்பது, மேலே தண்ணீர் ஊற்றித் துடைப்பது, எப்போதும் நல்ல தண்ணீர் எட்டும்படி வைப்பது ஆகியவைதான் இதற்குப் பரிகாரம். களைத்து வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது வீண் பயம் என்று இப்போது தெளிந்திருக்கிறது. தாகத்தோடு நிற்கவிடுவதே பாவம்.

மூன்றாவது, மழை. ஐப்பசி பிறந்தால் இந்தப் பக்கம் சகதிதான். ஈரத்திலேயே நின்றால் குளம்பின் அடிப்பாகம் அழுகி நாற்றம் எடுக்கும். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் மூச்சைக் கெடுக்கும். மழைக்காலத்துக் கடி ஈக்கள் ரத்தத்தில் ஒரு நுண்ணுயிரைச் செலுத்திவிடுகின்றன. காய்ச்சல் விட்டு விட்டு வந்து குதிரை எலும்பும் தோலுமாகிச் சாகும். 'சர்ரா' என்னும் அந்த நோயின் கிருமியை 1880-இல் பஞ்சாபில் கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை வைத்தியர் கண்டுபிடித்தார்.

செஞ்சியின் சரித்திரத்திலும் மழை புகுந்து விளையாடியிருக்கிறது. 1690 முதல் 1698 வரை மொகலாய சேனாபதி ஜுல்பிகர் கான் இக்கோட்டையை முற்றுகை இட்டிருந்தார். மழையும் பஞ்சமும் மராட்டியரும் சேர்ந்துகொண்டு நெருக்கவே, 1693 ஜனவரியில் முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. மனிதனுக்கே தானியம் கிடைக்காத பாளயத்தில் குதிரைக்கு யார் கொள்ளு வைத்திருக்கப் போகிறார்கள்?

பிறகு ராஜா தேசிங்கு. 1714-ஆம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்துச் சிறு கூட்டத்தோடு புறப்பட்டபோது, சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் புரண்டுகொண்டிருந்தது என்பார்கள். தேசிங்கு தயங்கவில்லை, குதிரையை ஆற்றில் இறக்கிவிட்டான். அக்கரை சேர்ந்தவர்கள் சிலரே. அன்று அவனும் மாண்டான். அவன் தோழன் மகமத்கானும் மாண்டான். தேசிங்கின் குதிரை பாராசாரியைக் கதைப்பாட்டுக்காரர்கள் ராஜாவுக்குச் சமமாகவே பாடினார்கள். செஞ்சிக்கு அருகே நீலாம்பூண்டியில் மகமத்கானின் சமாதியோடு குதிரைக்கும் சமாதி என்று ஊரார் ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். ஓர் இந்து ராஜா, ஒரு முஸ்லிம் தோழன், ஒரு குதிரை மூவரையும் ஒரே கதையில் வைத்து இந்த ஜில்லா ஜனங்கள் அழுதிருக்கிறார்கள்.

நிற்க. கப்பலில் வந்த குதிரைகளின் கதையைச் சொல்லாமல் விட்டால் பாதி சொன்னதாகத்தான் ஆகும். விஜயநகரத்துக்கு வந்திருந்த போர்த்துகீசியரான நூனிஸ் ஒரு விசித்திரம் எழுதியிருக்கிறார். சாளுவ நரசிம்ம ராயர் குதிரைகளை உயிரோடு வந்தாலும் செத்து வந்தாலும் வாங்கிக்கொண்டாராம். கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், உயிருள்ள குதிரையின் விலை கிடைத்துவிடும். வழியில் குதிரையைக் காப்பாற்ற வியாபாரிக்கு என்ன அக்கறை இருந்திருக்க முடியும்? வாலுக்குப் பணம் கொடுத்த நாட்டில் குதிரை மிஞ்சாததில் ஆச்சரியமில்லை.

பிரயாணத்தில் குதிரை சாவதற்கு முக்கியமான காரணம் ஒன்றை இப்போது அறிந்திருக்கிறோம். குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியே வடியும். நெடுந்தூரம் தலையை உயர்த்தியே கட்டி வைத்தால் அவை உள்ளே தங்கி, மார்பில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டுவிடும். ஆகவே, சில மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, கட்டைத் தளர்த்தி, தலையைக் கீழே விட்டுப் புல்லும் தண்ணீரும் காட்ட வேண்டும். அதிகமாகச் செலவாகிற காரியமா இது?

விழுப்புரம் ஜங்ஷன் வாசலில் ஜட்கா வண்டிகளைத் தேடினால் இன்று ஆட்டோ ரிக்ஷாக்கள்தான் கிடைக்கும். ஆனாலும் குதிரைகள் அடியோடு மறைந்துவிடவில்லை. கல்யாண ஊர்வலத்துக்கும் கடற்கரைச் சவாரிக்கும் வைத்திருக்கிறார்கள். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் குதிரைச் சந்தையே கூடுகிறது. இவையெல்லாம் ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் லாரியில்தான். மிருகங்களை ஏற்றிச் செல்வது பற்றி மத்திய சர்க்கார் 1978-இல் வகுத்த விதிகள் குதிரையை மறக்கவில்லை. பிரயாணத்துக்குத் தகுதி உண்டென்று கால்நடை வைத்தியரின் சான்று வேண்டும். தரை வழுக்காமல் இருக்க வேண்டும். குதிரைக்கும் குதிரைக்கும் நடுவே 8 சென்டிமீட்டருக்குக் குறையாத பருமனில் மூங்கில் கட்ட வேண்டும். ஒரு லாரிக்கு நாலு முதல் ஆறு குதிரைகள்தான். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து மிரளாதபடி எல்லாக் குதிரைகளின் முகமும் இடது பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இந்த கடைசி விதியை எழுதியவர் குதிரையோடு பழகியவராகத்தான் இருக்க வேண்டும்!

வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்பது இன்னொரு விதி. குதிரை நாலு காலையும் ஊன்றிச் சமாளித்தே நிற்கிறது; பிரேக் அடிக்கும்போதெல்லாம் முட்டியும் தோளும் பலகையில் மோதும். இந்த விதியைக் கேட்டால் லாரி டிரைவர்கள் சிரிப்பார்கள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு மற்ற வண்டிகள் அரை மணியில் பறந்துவிடும் நெடுஞ்சாலையில், குதிரை ஏற்றிய லாரி விக்கிரவாண்டியில் ஒரு புளியமரத்து நிழலில் நின்று தண்ணீர் காட்டிவிட்டுப் போனால் ஒன்றரை மணி நேரம் ஆகும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடித்துக்கொள்ளட்டும்.