இரும்பும் அலுமினியமும்

கரடுமுரடான பாதைக்கு எவ்வண்டி ஏற்றது என்று நண்பர்கள் வினவும்போதெல்லாம், பிரித்தானியாவிற் பிறந்த இரு வண்டிகளின் கதையையே நாம் எடுத்துரைப்பது வழக்கம்.

மூத்தது லாண்ட் றோவர். 1948ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால், அதன் உடலை அலுமினியக் கலப்புலோகத் தகட்டினாற் சமைத்தனர். நான்கு சில்லுகளும் இழுக்கும். பள்ளம் மேடு எதற்கும் அஞ்சாது. ஆனால், வில்லுத்தகடுகளின் மேல் அமர்ந்து செல்வோரின் முதுகு நோவது திண்ணம்!

1958இல் அதற்குப் போட்டியாக வந்தது ஒஸ்ரின் ஜிப்ஸி. இறப்பரின் முறுக்கு விசையால் ஒவ்வொரு சில்லும் தனித்தனியே ஏறியிறங்கும் புதுமை அதில் இருந்தது. சவாரி சுகமே, உடலோ உருக்கு. ஈரமும் சேறும் அதனை அரித்தன. பின்னாளில் வில்லுத்தகடுகளுடனும் அதனை விற்க நேர்ந்தது. 1968இல் இரு நிறுவனங்களும் பிரிட்டிஷ் லேலண்டில் ஒன்றிணைய, ஜிப்ஸியின் கதை முடிந்தது. லாண்ட் றோவரின் பழைய மரபோ 2016 வரை ஸொலிஹல் ஆலையில் நிலைத்தது.

வேறு வழியின்றிக் கொண்ட அலுமினியமே அதற்கு ஆயுளைத் தந்தது எனலாம். எனினும் அதன் அடிச்சட்டமும் உருக்கே என்பதை மறத்தலாகாது. ஆதலின், பழைய வண்டி வாங்கும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே: இருக்கையின் சுகத்தைப் பார்க்குமுன், குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள்.