கைப்பேசியின் உண்ணாநோன்பு

உண்ணாநோன்பில் பலவகை உண்டு. ஏகாதசிக்கு இருப்பது ஒன்று. விடுதிச் சாம்பாரைக் கண்டு மாணவர் தாமே மேற்கொள்வது மற்றொன்று. 2025ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் என் கைப்பேசி மேற்கொண்ட நோன்பு இவ்விரண்டிலும் சேராது. மின்சாரம் இருந்தது, அதை ஊட்டக் கேபிள் இருந்தது, உண்ண வாயும் இருந்தது. ஆனாலும் அது உண்ண மறுத்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வழக்கம்போல் கேபிளைச் செருகிவிட்டுப் படுத்தேன். படுக்கும்போது 18 விழுக்காடு இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் 11! இரவெல்லாம் உண்ணாதது மட்டுமன்று, கையிருப்பையும் செலவழித்திருந்தது.

முதலில் நான் ஐயுற்றது மின்சாரத்தைத்தான். இடவப்பாதி மழைக்காலத்தில் காரியவட்டத்து மின்சாரம் விருந்தாளியைப் போன்றது. எப்போது வரும், எப்போது போகும் என்று கேட்பது மரியாதை அன்று. 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய நாள் முதல் மழைநீரைக் கொண்டு விளக்கேற்றக் கற்றுக்கொண்ட நாடு இது. அதே மழை மரக்கிளையை ஒடித்துக் கம்பியின்மேல் போட்டு அந்த விளக்கை அணைத்தும் விடுகிறது. ஆனால் அன்று காலை என் தலைக்குமேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. ஆகவே மின்சாரத்தின்மேல் குற்றம் இல்லை.

அடுத்து கேபிளை ஐயுற்றேன். நான்கு அறைகளின் கதவைத் தட்டி நான்கு கேபிள்களும் இரண்டு அடாப்டர்களும் கடன் வாங்கினேன். மற்றவர் கைப்பேசிகளுக்கு அவை யாவும் வயிறார ஊட்டின. என்னுடையதற்கு ஒன்றும் ஊட்டவில்லை. கைப்பேசியை அணைத்து மீண்டும் உயிர்ப்பித்துப் பார்த்தேன். அதுவும் பயனில்லை. ஒன்றை மட்டும் அப்போது கண்டேன். எந்தக் கேபிளும் முன்போல் ‘டக்’கென்று உட்காரவில்லை, சற்றே வெளியே தலைநீட்டி நின்றது, தொட்டால் நழுவி விழுந்தது. கண்டேனே ஒழிய அதன் பொருளை உணரவில்லை. கண்டும் காணாதிருப்பது ஆராய்ச்சி மாணவர்க்குப் புதிதா என்ன?

முந்தின மாலை நான் மழையில் நனைந்து வந்ததை அறிந்த ஒருவர் அரிசி வைத்தியம் சொன்னார். விடுதிச் சமையற்கட்டிலிருந்து சிவந்த மட்டை அரிசி கொணர்ந்து அதற்குள் கைப்பேசியைப் புதைக்கவேண்டுமாம். நல்லவேளையாக அரிசி கிடைக்கவில்லை. அரிசியின் தவிடும் துகளும் வாய்க்குள் புகுந்து புதுக்கேடு செய்யும் என்று பிறகு அறிந்தேன். அரிசியில் இடவேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் தன் வாடிக்கையாளருக்கு எழுதியிருக்கிறது. வாயில் ஈரம் இருந்தால் இக்காலக் கைப்பேசிகள் பலவும் நீர்த்துளிச் சின்னம் காட்டித் தாமே மின்சாரத்தை மறுத்துவிடும். அப்போது வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மெல்லத் தட்டிவிட்டு, காற்றோட்டத்தில் சும்மா வைத்திருந்தால் போதும். என் திரையிலோ அச்சின்னம் தோன்றவே இல்லை.

ஒரு கைப்பேசிக்கு இத்தனை பாடா என்று நண்பர்கள் நகைக்கலாம். கைப்பேசிக்கு அன்று, அதற்குள் இருந்தவளுக்கு.

எங்கள் ஊர் தோவாளைக்கு அருகில். அவ்வாண்டுப் பொங்கல் விடுமுறையில் வீட்டுத் திண்ணையில் ஆச்சியை உட்காரவைத்து அவள் அறிந்த தாலாட்டுகளையும் நடவுப் பாட்டுகளையும் பதிவு செய்தேன். மூன்று பதிவுகள், மொத்தம் 42 நிமிடங்கள். "ஏ மக்கா, இந்தச் சின்னப் பெட்டிக்குள்ள நான் எப்படிடே இருப்பேன்?" என்று சிரித்தாள். பெட்டியில் தூசி படக்கூடாதென்று தன் பழைய நீலப் புடவையைக் கிழித்து, கையாலேயே ஒரு பை தைத்தும் கொடுத்தாள். சித்திரை மாதத்தில் ஆச்சி போய்விட்டாள். அந்த 42 நிமிடங்களை வேறெங்கும் படியெடுத்து வைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை என்பது நாகரிகமாகச் சொல்வது. உண்மையில், அந்தக் குரலைத் திறக்க மனம் துணியவில்லை.

சனிக்கிழமை பேருந்தேறி நகரத்துக்குள் இருக்கும் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். மழைக்காலமாதலால் நனைந்த கைப்பேசிகளோடு ஒரு கூட்டமே நின்றது. என் முறை வந்தபோது கடைக்காரர் கேபிளைச் செருகினார், எடுத்தார். திரையை ஏற்றினார், அணைத்தார். இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார். "போர்டு போயிற்று. மாற்றவேண்டும். 6,500 ரூபாய் ஆகும். உள்ளே இருப்பது போய்விடும்." உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துத் தர முடியுமா என்றேன். அவர் அடுத்தவரைப் பார்த்தார். அவர்மேல் எனக்குப் பெருங்கோபம் இல்லை. அத்தனை பேர் காத்திருக்கையில் ஒரு வாயைத் திறந்து பார்க்க யாருக்குப் பொழுது இருக்கிறது?

எனினும் உள்ளே இருப்பது போய்விடும் என்று அவர் சொன்னது வெறும் மிரட்டல் அன்று. முன்காலத்துக் கைப்பேசிகளில் பலரும் நினைவு அட்டையில் சேமிப்பர். அதைக் கழற்றி வேறொன்றில் இட்டுக்கொள்ளலாம். இன்றோ நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதில் உள்ளவை யாவும் மறையெழுத்தாக மாற்றிப் பூட்டப்பட்டவை. பூட்டின் திறவுகோலும் அதே பலகையில்தான் இருக்கிறது. பலகைக்கு உயிர் வராவிட்டால் நினைவகத்தைப் பெயர்த்தெடுத்தாலும் பயனில்லை.

திரும்பி வருகையில் வளாகத்திலுள்ள கீழைத்தேய ஆராய்ச்சி நிலையத்தின் சுவடி நூலகத்தைக் கடந்தேன். நூற்றாண்டுகள் கடந்த ஓலைகள் அங்கே உறங்குகின்றன. அவற்றுக்கு வேண்டுவது அவ்வப்போது கொஞ்சம் புல்தைலமும் கரையான் வராத ஓர் அலமாரியும். என் ஆச்சியின் குரலுக்கோ நாள்தோறும் மின்சாரம் வேண்டியிருந்தது. அப்போது கையிருப்பு 3 விழுக்காடு.

இங்கேதான் எனக்குத் திண்டாட்டம். அந்த 3 விழுக்காட்டைக் கொண்டு பதிவுகளை உடனே வேறொருவருக்கு அனுப்பிவிடலாமா? பாதி வழியில் அணைந்துபோனால்? மழையில் விடுதியின் வைஃபையும் அன்று தள்ளாடிக்கொண்டிருந்தது. ஒரு பதிவாவது போய்ச் சேரட்டும் என்று ஒரு மனம். எந்தப் பதிவை அனுப்புவது, எதை விடுவது என்று மற்றொரு மனம். வாயிற்படியில் நின்றபடியே பத்து நிமிடம் யோசித்தேன். பிறகு ஒன்றும் செய்யாமல் கைப்பேசியை அணைத்துவிட்டேன். கோழைத்தனமாகச் செய்த அக்காரியமே சரியான காரியம் என்று பிறகு தெரிந்தது.

எதிரறையில் இயற்பியல் படிக்கும் மலையாள நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் என்னை அண்ணாச்சி என்பார். நான் அவரைச் சேட்டா என்பேன். இருவரில் மூத்தவர் யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. என் முகத்தைப் பார்த்ததும், "எந்தா அண்ணாச்சி, சார்ஜ் கேறுந்நில்லே?" என்றார். நாம் ஏறு என்பதை அவர்கள் கேறு என்பர். விளவங்கோட்டுப் பக்கத்துத் தமிழரும் பஸ்ஸில் ‘கேறி’ என்றே சொல்வர். மொழியாராய்ச்சிக்கு நல்ல பொருள்தான். ஆனால் அன்று ஏறினால் போதும், கேறினாலும் போதும் என்றிருந்தது எனக்கு.

அவர் கேட்ட முதற் கேள்வி, "சுவரில் சுவிட்ச் போட்டிருந்ததா?" என்பது. நான் முறைத்தேன். "கோபிக்காதீர்கள். சுவரிலிருந்து தொடங்கித்தான் கைப்பேசிக்கு வரவேண்டும். செலவில்லாத பழுதை முதலில் பார்க்கவேண்டும்" என்றார். பிறகு கைப்பேசியை மேசைமேல் கிடத்தி அசைத்துப் பார்த்தார். பின்புறம் உப்பியிருந்தால் அது ஆடுமாம். உப்பிய மின்கலத்தைக் குத்தவும் கூடாது, அழுத்தவும் கூடாது, மின்சாரம் ஊட்டவும் கூடாது, தீப்பற்றும் என்றார். ஆடவில்லை. கம்பியில்லாமல் மின்னேறும் வகையானால் அத்தட்டில் வைத்துப் பார்க்கலாம். அங்கே ஏறினால் பழுது வாயில், ஏறாவிட்டால் வயிற்றில் என்றும் சொன்னார். என்னுடையது மலிவு ரகம். அதற்கு அந்தப் பாக்கியம் இல்லை.

கடைசியில் கேபிளைச் செருகினார். அது தலைநீட்டி நின்று நழுவி விழுந்தது. அவர் முகம் மலர்ந்தது! தம் கைப்பேசியின் விளக்கை என்னுடையதன் வாய்க்குள் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதற்குள் ஒரு தலையணைக்கு வேண்டிய பஞ்சு இருக்கிறதே!" என்றார்.

டைப்-சி என்னும் இந்த வாயின் நடுவே மெல்லிய நாக்கு ஒன்று இருக்கிறது. அதன் இருபுறமும் பன்னிரண்டு பன்னிரண்டாக 24 தொடுமுனைகள். பையிலுள்ள நூல்துகள் அந்நாக்கைச் சுற்றி விழுகிறது. நாம் நாள்தோறும் கேபிளைச் செருகும்போது அதை நாமே உள்ளே இடித்து இடித்து அடைக்கிறோம். சில மாதங்களில் அடியில் மெத்தைபோல் இறுகிவிடுகிறது. பிறகு கேபிளின் முனை தொடவேண்டியதைத் தொடுவதில்லை. குண்டூசி கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். உலோகம் பட்டால் தொடுமுனை வளையும், ஒன்றோடொன்று இணைந்து கெடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். கைப்பேசி அணைந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்துக்கொண்டு, மரத்தாலான பல்குத்தும் குச்சி ஒன்றின் முனையைச் சீவி, நாக்கைத் தொடாமல் சுவரோரமாக மெல்ல நெம்பினார்.

முதலில் கொஞ்சம் தூசி வந்தது. பிறகு ஓர் உளுந்தளவு உருண்டை வந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தார். நீல நிறமாக இருந்தது.

கேபிள் ‘டக்’கென்று உட்கார்ந்தது. திரையில் மின்னல் சின்னம் தோன்றியது. உடனே திறக்கப் போனேன், "அரை மணி நேரம் பொறுங்கள். பட்டினி கிடந்தவனை உடனே ஓடச் சொல்லாதீர்கள்" என்றார். அந்த அரை மணி நேரத்தில் எனக்கு மின்கலப் பாடமும் நடந்தது. மின்னேறுகையில் லித்தியம் அயனிகள் ஒருபுறமிருந்து மறுபுறம் போய்க் கரி அடுக்குகளுக்கு இடையே அமர்கின்றன. நாம் பேசுகையில் வந்தவழியே திரும்புகின்றன. 1991இல் சோனி நிறுவனம் இவ்வகை மின்கலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. இதை உருவாக்கியதற்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்னும் மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு பெறும்போது குட்இனஃபுக்கு வயது 97. ஆய்வேட்டை முடிக்கத் தாமதமாகிறதே என்று கவலைப்படும் நம் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

40 விழுக்காடு ஏறியதும் மூன்று பதிவுகளையும் அவர் கணினியில் ஒன்றும், என் பென்டிரைவில் ஒன்றும், இணையச் சேமிப்பில் ஒன்றுமாகப் படியெடுத்தோம். எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டாமா என்றார் அவர். பார்க்கத்தான் வேண்டும். இரண்டாவது பதிவைத் திறந்தார். ஆச்சி தாலாட்டின் நடுவில் நிறுத்தி முற்றத்துக் கோழியை விரட்டினாள், விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாள், முடிந்ததும், "போதுமா மக்கா? இன்னொண்ணு சொல்லட்டா?" என்றாள். என்ன சொல்கிறாள் என்று நண்பர் என்னைக் கேட்கவில்லை. வெளியே மழை விட்டிருந்தது. முழுவதும் கேட்டோம், 42 நிமிடமும்.

அந்த நீலப் பை இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்ளே நூல் பிரிந்திருந்த ஓரங்களை மடக்கித் தைத்துவிட்டேன். கைப்பேசியை அதில் இடும்போது வாய் மேற்புறம் இருக்கும்படி தலைகீழாக இடுகிறேன்.