ரத்தம் ஊறும் கணக்கு
உடம்பில் ரத்தம் ஊறுதா இல்லையான்னு கண்டுசொல்ல ஒரு சோதனை இருக்கிறது: ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை. எலும்பு மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் இறங்கிய இளஞ்சிவப்பணுக்கள் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணுவார்கள். பெரியவர்களுக்குச் சுமார் 0.5 முதல் 2.5 வரை. சோகை வந்தால் அது ஏறவேண்டும். ஏறாவிட்டால் மஜ்ஜைக்குச் சரக்கில்லை, இல்லாட்டி மஜ்ஜையே பழுது.

நடவு வயலில் மூச்சுவாங்கி உட்கார்ந்த எங்கம்மாவுக்கு ஹீமோகுளோபின் 7. "உங்க சனத்துக்கே ரத்தம் ஊறாது" என்றார் டாக்டர். ரத்தத்திலும் சாதி பார்க்கிற படிப்பு! சோதனையில் 0.8. இரும்பு மாத்திரை தொடங்கிய எட்டாம் நாள் 5. மஜ்ஜையில் பழுதில்லை, இரும்புதான் இல்லை. வயித்துக்குப் போடாம வேலை மட்டும் வாங்கினா எங்கிருந்து ஊறும்? சீட்டை அவர் மேசையில் வைத்தேன். பார்த்துவிட்டு, பேரீச்சம்பழம் நிறையச் சாப்பிடச் சொன்னார். கிலோ என்ன விலைன்னு அம்மா கேட்டுச்சு.