வெள்ளச்சியின் பன்னிரண்டாம் நாள்

கேட்டைத் திறந்ததும் வெள்ளச்சி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள். ராஜபாளையம், நாலு வயது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, போர்ட்டிகோ நீளத்துக்கு நீட்டிய கால்கள். நான் நின்ற ஐந்து நிமிடத்தில் மூன்று முறை உடம்பை வளைத்துப் பின்பக்கத்தை நக்கிச் சுத்தம் செய்துகொண்டாள்.

கோட்டூர்புரம் மரப்பூங்காவில் நடக்கும்போது பழக்கமான அக்காவின் வீடு இது. வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். "ரெண்டு தடவை கிராஸ் விட்டாச்சு, சினையே பிடிக்கல" என்று நேற்று வருத்தப்பட்டார். இன்று டாக்டரிடம் கூட்டிப் போகிறார் என்றதும் நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஹாலில் ஃபிரேம் போட்ட ஒரு தபால்தலை. 2005-ல் அஞ்சல் துறை நாலு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. அதற்குக் கீழே காலண்டர். ரத்தம் கண்ட நாளுக்குப் பச்சை வட்டம். அங்கிருந்து எண்ணி 12-க்கும் 14-க்கும் சிவப்பு வட்டம்.

"பிரீடர் சொன்ன கணக்கு இது. நல்ல நேரம் பார்த்துத்தான் காரையே எடுத்தேன். கால் மணி நேரம் பூட்டிக்கிட்டு நின்னுதுங்க. அப்புறம் என்ன குறை?" என்றார் அக்கா.

இரண்டாவது தடவை நம்பிக்கையும் வந்ததாம். வயிறு லேசாகப் பெருத்தது, காம்பில் பால் கசிந்தது, கட்டிலுக்கு அடியில் பழைய புடவையை இழுத்துப்போட்டு வெள்ளச்சி படுக்கைகூட தயார் செய்தாள். குட்டிதான் வரவில்லை. மலடாக இருக்குமோ என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டார்கள்.

கிளினிக் இரண்டு தெரு தள்ளி. வெள்ளச்சியைப் பிடித்துக்கொள்ள, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும் கூட வந்தார். அவர் சொன்னால்தான் அவள் மேஜையில் ஏறுவாள்.

டாக்டரின் முதல் கேள்வி: "இந்த ஹீட்ல முதல் சொட்டு என்னைக்கு?"

"சனிக்கிழமை. இன்னைக்குப் புதன், அஞ்சாம் நாள்."

கழுத்துப் பட்டையைப் பிடித்திருந்த அம்மா நிமிர்ந்தார். "போன செவ்வாக்கெழமையே ஹால்ல ரெண்டு சொட்டு கெடந்துச்சும்மா. நான்தான் தொடச்சேன். நகம் கிகம் பேந்துச்சோன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கலியே. போன தபாவும் இப்டித்தான்."

டாக்டர் பேனாவை எடுத்து 5-ஐ அடித்துவிட்டு 9 என்று எழுதினார். சுத்தக்காரப் பெட்டைகள் தங்களை நக்கியே துடைத்துக்கொள்ளும். நம் கண்ணில் படும் முதல் சொட்டு பல சமயம் முதல் சொட்டே இல்லை. அப்படியானால் அக்கா சிவப்பு வட்டம் போட்ட 12 உண்மையில் 16. 14 என்றது 18.

"கணக்கு சரியா இருந்தாலும் போதாது" என்றார் டாக்டர். சராசரியாக ஒன்பது நாள் உதிரம், அடுத்த ஒன்பது நாள் ஆணை ஏற்கும் கட்டம் என்பார்கள். ஆனால் ஒரு நாய்க்கு முட்டை ஏழாம் நாளே வெளிவரலாம், இன்னொன்றுக்கு இருபது தாண்டலாம். நாயின் முட்டை வெளிவந்த உடனே கருத்தரிக்காது. காயாகத்தான் உதிரும், முற்ற இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குப் பிறகு இரண்டு நாள் போலத்தான் உயிர். விந்தணு உள்ளே ஐந்தாறு நாள்கூடத் தாங்கும். பஸ் வருமுன் ஸ்டாப்பில் நின்றால் ஏறிவிடலாம்; போன பிறகு நின்று பலனில்லை. சேர்த்தும் சினை பிடிக்காததற்கு முதல் காரணம் நோய் அல்ல, தவறிய நாள்தான்.

ஈரப் பஞ்சுக் குச்சியால் உள்ளே ஒற்றி, கண்ணாடித் துண்டில் உருட்டி, சாயம் ஏற்றிக் காயவைத்தார். மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். நடுவில் கரு தெரியும் உருண்டை செல்கள், ஆஃபாயில் மாதிரி. இடையிடையே கரு மங்கி ஓரம் மடங்கிய சில, உடைந்த அப்பளத் துண்டு மாதிரி. "எல்லாம் அப்பளமானா ஆணை ஏத்துக்கும். ஆனா முட்டை என்னைக்கு வந்ததுன்னு இது சொல்லாது. ரத்தம்தான் சொல்லும்."

முன்னங்காலில் ஊசி இறங்கியது. பார்ப்பது புரொஜெஸ்டிரோன் அளவு. ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு நானோகிராமுக்குக் கீழே என்றால் பொறுக்கலாம். இரண்டைத் தொட்டால் இரண்டு நாளில் முட்டை வெளிவரும். ஐந்துவாக்கில் வந்துவிட்டது என்று பொருள். அதிலிருந்து இரண்டாம் நாள் சேர்க்க வேண்டும்.

பால் வந்ததே என்று அக்கா விடவில்லை. சினையானாலும் ஆகாவிட்டாலும் ஹீட் முடிந்து இரண்டு மாதம் பெட்டையின் உடம்பில் இதே ஹார்மோன் ஓடும். அது இறங்கும்போது பால் சுரக்கும், படுக்கை தேடும். உடம்பே ஏமாந்து போகிற பொய்ச்சினை. அதனால்தான் வயிற்றைப் பார்த்து நம்பாமல், சேர்த்த 25-லிருந்து 30 நாளுக்குள் ஸ்கேன் எடுக்க வேண்டும். சில சமயம் கரு பிடித்து, வெளியே தெரியாமல் உடம்போடு கரைந்தும் போகும். சினைக்காலம் 63 நாளும் காத்திருந்தவருக்கு, பிடிக்காததும் கரைந்ததும் ஒன்றாகத்தான் தெரியும்.

ஸ்கேன் கருவியை வயிற்றில் ஓட்டினார். கருப்பைச் சுவரில் நீர்க்கட்டி இல்லை, சீழ் இல்லை. புரூசெல்லா கிருமிக்கும் ரத்தம் எடுத்தார்: ஏழெட்டு வாரச் சினையைக் கலைக்கும், ஆண் நாய்க்கும் தொற்றும், மனிதரையும் விடாது.

"ஆணோட விந்தைப் பார்த்தீங்களா?"

அக்கா பேசவில்லை. விந்தணு உருவாகி முதிர இரண்டு மாதம் ஆகும். ஏப்ரலில் வந்த காய்ச்சலின் பலன் ஜூனில் தெரியலாம். ஆணும் பெட்டையும் ஒரே வழி ரத்தமா என்றும் பார்க்க வேண்டும். நாட்டு இனங்களில் நெருங்கிய உறவில் சேர்த்துச் சேர்த்தே குட்டி குறைந்துபோகிறது. வேண்டுமானால் 1903-லிருந்து இருக்கிற வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆணையும் கூட்டிப் போகச் சொன்னார்.

"பெட்டையை மட்டும் கொண்டுவந்து மலடான்னு கேக்கிறதே வழக்கமாப் போச்சு" என்றார் டாக்டர்.

"நாய்க்கு மட்டுமா?" என்றார் கழுத்துப் பட்டையை விடாமல் நின்றவர்.

சாயங்காலம் அக்கா போன் செய்தார். அளவு 1.4, வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தம். மறுநாள் பூங்காவிலிருந்து திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். காலண்டரில் சிவப்பு வட்டங்கள் இரண்டையும் அடித்திருந்தார். பச்சைப் பேனா மட்டும் நூலில் கட்டி ஆணியிலிருந்து தொங்கியது, தரையில் உட்கார்ந்து துடைப்பவரின் கைக்கு எட்டுகிற உயரத்தில்.